வழுவழு அறையும் சொரசொர அறையும்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

போன வருடம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் கோகுலகிருஷ்ணன் மாடியேறி வந்தான். ஒரு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று, இன்னொரு கையில் அறிவியல் பாடப்புத்தகம். துண்டைப் பிரித்தான். உள்ளே சுட்ட மண்ணில் செய்த ஒரு இதயம். நெடுக்கே பாதியாக அறுத்துத் திறந்து வைத்த மாதிரி, உள்ளறைகள் தெரிய, நீலமும் சிவப்பும் பூசியிருந்தது.

"பெரியப்பா, நீங்க படிச்சவங்க. இந்தப் படத்தையும் பாருங்க, இதையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லியா?"

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பிறகு விருத்தாசலம் ஜங்ஷன் கேபினில் முப்பத்தாறு வருடம் லீவர் இழுத்தேன். விழுப்புரம் பக்கத்து வண்டியைச் சேலம் தடத்துக்கும், கடலூர் வண்டியைத் திருச்சி தடத்துக்கும் பாயிண்ட் மாற்றி விடுவது உத்தியோகம். நான் மாற்றிவிட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய், அங்கே இன்ஜின் மாற்றிக்கொண்டு, திரும்பியும் வந்துவிடலாம். ஆனால் இதயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது இடது பக்கம் இருக்கிறது என்பது மட்டும். அதனால் என்ன? கண்ணாடியை எடுத்து மாட்டினேன். புத்தகத்தைப் பார்த்தேன், மண்ணைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன்.

"சரியாத்தான் இருக்குதுப்பா."

அந்தத் தீர்ப்பால் நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் சிகிச்சை நாற்பது நாள் தள்ளிப்போனது. (தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தேன். குழந்தையின் அம்மா, கோகுலின் மனைவி சிவசங்கரி படித்துவிட்டு நாற்பது என்று திருத்தினாள். செய்த குற்றத்தைக்கூட நான் ஒரு சுற்றுப் பெருக்கவைத்துத்தான் சொல்வேன் போலிருக்கிறது.)

அதனால்தான் எழுதுகிறேன். வேறு பெரிய இலக்கிய நோக்கம் ஒன்றும் இல்லை.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். குறுக்கே அடித்த வரிகளை மறைக்காமல் விட்டிருக்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

பழமலைநாதர் கோயில் மணி ஒலித்த அதே நொடியில் சிவசங்கரியின் நெஞ்சுக்குள்—

(இல்லை. அந்த நொடியில் அவள் செராமிக் கம்பெனியின் அச்சு அறையில் இருந்தாள். பக்கத்தில் மண் அரைக்கும் உருளை ஓடிக்கொண்டிருக்கும். கோயில் மணி என்ன, கோயிலே நடந்து வந்தாலும் காதில் விழாது.)

மனித இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அந்த ஒரு லட்சத்தில்—

(இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற வாசகம். நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.)

சிவசங்கரிக்கு எதைப் பார்த்தாலும் இடம் வலமாகத்தான் தெரியும்.

இது நிற்கட்டும். இதில் மிகை இல்லை, தொழில்தான் இருக்கிறது. அவள் வேலை பிளாஸ்டரில் அச்சு செய்வது. ஃபியூஸ் கட்டைக்கு அச்சு, பீங்கான் பொம்மைக்கு அச்சு. சின்னச் சாமான் என்றால் மாடல் எல்லாம் செய்துகொண்டிருக்க மாட்டாள். நேராகப் பிளாஸ்டர் கட்டியிலேயே குடைந்துவிடுவாள். பிள்ளையாருக்குத் தும்பிக்கை இடப்பக்கம் வளைய வேண்டுமென்றால் அச்சில் வலப்பக்கம் வளைத்துக் குடைய வேண்டும். பதின்மூன்று வருடமாக இதே வேலை. கடைத்தெருவில் அவளிடம் வழி கேட்டால் "லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டுவாள். அவள் சொன்ன வழியில் போன ஒரு சேலத்து ஆள் இன்னும் ஊர் சேரவில்லை என்று கேள்வி.

("பெரியப்பா, அந்த ஆளு டவுனு பஸ்ஸு புடிச்சுப் போயிட்டாரு. நானே ஏத்திவுட்டேன்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இருக்கட்டும்.)

3

அவளுடைய ஒரே பெண் தமிழினி. கதை நடக்கத் தொடங்கும்போது நான்கு வயது. என்னை 'ரயில் தாத்தா' என்பாள். ஓடுவாள், ஏறுவாள், குதிப்பாள். எங்கள் மாடிப்படி பதினேழையும் ஒரே மூச்சில் ஏறி வந்து, "தாத்தா, பச்சக் கொடி காட்டு" என்பாள். காட்டினால் கீழே ஓடுவாள். மறுபடி ஏறுவாள். உடம்பில் நீலம் பாரிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இதயத்தில் கோளாறு உள்ள குழந்தை என்று நீங்களும் நானும் எந்தக் குழந்தையை நினைத்துக்கொள்வோமோ, அந்தக் குழந்தை இவள் இல்லை.

அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவில் ஒரு டாக்டர் மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்தவர், இவள் நெஞ்சில் வைத்ததை எடுக்கவே இல்லை. "கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கிருந்து ஸ்கேன். ஸ்கேனில் இருந்து சென்னை. சென்னையில், குழந்தைகளின் இதயத்தை மட்டும் அறுவை செய்கிற டாக்டர் சண்முகப்ரியா.

இந்த டாக்டரை வர்ணிக்க நான் பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். விரல்கள் வெண்டைக்காய்ப் பிஞ்சு, கண்கள் கழுகு, இத்தியாதி. பிறகு அவர் செய்கிற வேலை என்னவென்று தெரிந்துகொண்டேன். ஐந்து வயதுக் குழந்தையின் இதயம் அந்தக் குழந்தையின் மூடிய கைப்பிடி அளவு. அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயின் வாய் பேனா ரீஃபில் துளை அளவு. அதை வெட்டி எடுத்து வேறு இடத்தில் தைக்கிறார். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. நான் நாற்பது வருடமாகப் பொய்யைப் பெருக்கிப் பிழைக்கிறவன். இந்த அம்மா எனக்கு ஒரு அங்குலம் இடம் வைக்கவில்லை. பத்துப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து இதயத்தை வரைந்தார். சிவசங்கரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கோகுல் சேத்தியாத்தோப்பில் யாருக்கோ பம்புசெட் மோட்டார் இறக்கப் போயிருந்ததால் வரவில்லை.

"மேல ரெண்டு அறைம்மா, கீழ ரெண்டு அறை. கீழ இருக்கிற ரெண்டும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒண்ணு உள்ள வழுவழுன்னு இருக்கும். உடம்பு முழுக்க ரத்தத்தை அடிச்சு அனுப்பறதுக்குன்னே படைச்சது. இன்னொண்ணு உள்ள சொரசொரன்னு இருக்கும். பக்கத்துல இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் அனுப்பற வேலை அதுக்கு. உங்க பொண்ணுக்கு இந்த ரெண்டு அறையும் இடம் மாறி உக்காந்திருக்குது."

"மாறி உக்காந்தா ரத்தம் தப்பான எடத்துக்குப் போயிடாதுங்களா?"

"நல்ல கேள்வி. போகல. ஏன்னா அறை மட்டுமில்ல, ரெண்டு பெரிய குழாயும்கூட அறை மாறிக் கெளம்புது. ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு சரிபண்ணிக்கிச்சு. மருத்துவத்துல இதுக்கு வெச்சிருக்கற பேருக்கே 'பிறவியிலயே திருத்திக்கொண்டது'ன்னுதான் அர்த்தம்."

சிவசங்கரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒண்ணுமில்லீங்களே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் சரியான இடத்துக்குத்தான் போவுது. ஆனா அனுப்பற ஆளு தப்பான ஆளு. பக்கத்து வூட்டுக்குத் தண்ணி குடுக்கப் படைச்ச சொரசொர அறை, ஊருக்கே தண்ணி குடுத்துக்கிட்டு இருக்குது. இப்பத் தாங்குது. அந்த அறையோட வால்வு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. இன்னும் பத்து வருஷமா, இருபது வருஷமா, எனக்குச் சொல்லத் தெரியல. ஒருநாள் ஓய்ஞ்சுரும்."

நூறு பிறவி இதயக் கோளாறுகளை எடுத்தால் அதில் ஒன்றுகூட இந்த வகையாக இருப்பது அபூர்வமாம். இதையும் நான் பெருக்கவில்லை.

4

காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊர் வந்தாள். புருஷனுக்குச் சொல்லிப் பார்த்தாள். கோகுல் மோட்டார் காயில் கட்டுகிறவன். தலைமுறைக்கு ஒருவன் என்று சொல்லலாம். அவன் கட்டிய காயிலில் ஓடும் மோட்டார் தண்ணீர் இல்லாத கிணற்றிலும் தண்ணீர் எடுக்கும். அவனுக்கு ஒரே சட்டம்தான்.

"ஓடற மோட்டாரைப் பிரிக்கமாட்டேன். வேற எதுனா பேசு."

"கொழந்த மோட்டாராய்யா?"

"அதத்தான் நானும் சொல்றேன். மோட்டாரையே பிரிக்கமாட்டேன்."

சரி, வாயால் சொன்னால் ஆகாது, கையால் செய்து காட்டுவோம் என்று நினைத்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிளாஸ்டர் கட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். டாக்டரின் படத்தை விரித்தாள். படத்தில் வலப்பக்கம் 'இடது' என்று எழுதியிருந்தது. இடப்பக்கம் 'வலது' என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் எதிரில் நிற்கும் நோயாளியைப் பார்த்து வரைவார்கள், அதனால் அப்படி. நீங்களோ நானோ பார்த்தால் குழம்பியிருப்போம். சிவசங்கரி குழம்பவில்லை. இடம் வலமாக எழுதியிருந்தால் அது என்ன? அவளுக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. 'பரவாயில்லியே, டாக்டரம்மா நம்ம வேலை என்னன்னு தெரிஞ்சு அச்சாவே வரைஞ்சு குடுத்துட்டாங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சுக்கு வரைந்த படத்தை மாற்றிக் குடைய வேண்டியதில்லை. அப்படியே குடைந்தாள். கீழறைகள் இரண்டும் அச்சில் இறங்கின. மண்ணை அழுத்தி எடுத்தபோது இரண்டும் இடம் வலமாகத் திரும்பி வந்தன. மேலறைகளையும் பெரிய குழாய்கள் இரண்டையும் மட்டும் கையாலேயே உருட்டி ஒட்டினாள். அவை படத்தில் இருந்தபடியே இருந்தன. காய்ந்ததும் ஃபியூஸ் கட்டைகளோடு சூளையில் வைத்து, சுட்டு எடுத்து, வண்ணம் பூசினாள்.

பெண்ணின் இதயத்தைச் செய்ய உட்கார்ந்தவள், உங்களுக்கும் எனக்கும் இருக்கிற சாதாரண இதயத்தைச் செய்து முடித்திருந்தாள். நீல ரத்தம் சொரசொர அறைக்கு, அங்கிருந்து நுரையீரலுக்கு. சிவப்பு ரத்தம் வழுவழு அறைக்கு, அங்கிருந்து உடம்புக்கு.

கோகுல் வாங்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டில் பாடப்புத்தகம் கடன் வாங்கி ஒப்பிட்டான். மாடியேறி வந்தான். மீதி உங்களுக்குத் தெரியும்.

சென்னையில் கொடுத்த தேதிக்கு அவர்கள் போகவில்லை. "ஸ்கேன் மிஷின்ல படம் மாறியிருக்கும். நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்ல. பெரியப்பாவே சொல்லிட்டாரு" என்று கோகுல் தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். நான் நாற்பது நாளும் டீக்கடையில் இதயநோய் நிபுணராக மதிக்கப்பட்டேன். அங்கே டீ குடிக்க வரும் கோதண்டபாணி தன் முட்டிவலிக்குக்கூட என்னிடம் வந்து ஆலோசனை கேட்டார். அதற்கும் சொன்னேனே!

5

(இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.)

கதாசிரியனுக்குத் தன் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வரும் இடம் இது. பதின்மூன்று வருடம் அச்சு செய்தவள். இருட்டில் தடவிப் பார்த்தே இது அச்சு, இது சாமான் என்று சொல்லிவிடுகிறவள். மண்ணை அச்சில் இருந்து எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்த அந்த நேரத்தில், இரண்டும் மாறியிருப்பது அவள் கண்ணுக்குப் படாமலா இருந்திருக்கும்? அது கைத்தப்பா, அல்லது அந்தக் கை தனக்கு வேண்டிய இதயத்தைத் தானே செய்துகொண்டதா?

அவளிடமே கேட்டேன். ஊறவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கைக்குத் தெரிஞ்சிருக்கும் பெரியப்பா. எனக்குத் தெரியாது."

பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீங்க சரின்னு சொன்ன அந்த நாப்பது நாளும் நான் நல்லாத் தூங்கினேன். அதுக்கோசரம் உங்கமேல எனக்குக் கோவமே வரல. எழுதறதா இருந்தா அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

6

நாற்பத்தோராம் நாள் காலை சிவசங்கரி அந்த மண் இதயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு, "நான் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வரேன். நீ வந்தா வா, வராட்டி போ" என்று கிளம்பினாள். கோகுல் தானும் வந்தான். டாக்டருடைய தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற தெம்பில், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

டாக்டர் சண்முகப்ரியா மண் இதயத்தைக் கையில் வாங்கினார். திருப்பினார். சொரசொர அறைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். வழுவழு அறைக்குள் விட்டுப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தாங்க."

"உள்ள இந்த வரிவரியா இருக்கிறதுகூட அப்படியே வந்திருக்குது! எங்க பசங்களுக்கு நாலு வருஷம் பாடம் எடுத்தாலும் இது வரமாட்டேங்குதேம்மா." பிறகு சிரித்தார். "ஆனா இது உங்க பொண்ணோட இதயம் இல்ல. இது என்னோடது. இவரோடது. எல்லாரோடதும்."

கோகுல் நாற்காலி நுனிக்கு வந்தான். "அப்ப எங்க புள்ளைக்கும் இப்படி இருக்கலாமுல்லீங்க?"

"இருக்கலாம். அதத்தான் நான் செய்யப் பாக்கறேன்."

அவர் இதயத்தை மேஜை மேல் வைத்து விரலால் வழி காட்டினார். கீழறைகளைப் பெயர்த்து இடம் மாற்ற முடியாது. அவை இருந்த இடத்தில்தான் இருக்கும். ரத்தத்தின் வழியைத்தான் மாற்ற முடியும். முதல் மாற்று மேலே: மேலறைகளுக்குள் சுவரை வெட்டித் திருப்பித் தைத்து, நீல ரத்தம் சொரசொர அறைக்கும் சிவப்பு ரத்தம் வழுவழு அறைக்கும் போகும்படி ஒரு வழி. இரண்டாவது மாற்று கீழே: பெரிய குழாய்கள் இரண்டையும் அறுத்து, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் தைப்பது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் சின்னக் குழாய்களையும் கூடவே இடம் மாற்றுவது. இரண்டு மாற்றும் ஒரே நாளில்.

(இந்த இடத்தில் நான் ஒன்றரைப் பக்கத்துக்கு ஜங்ஷன் உவமை எழுதியிருந்தேன். மேல் பாயிண்ட், கீழ் பாயிண்ட், லூப் லைன் எல்லாம் போட்டு. கேபினில் முப்பத்தாறு வருடம் செய்ததை இந்த அம்மா நெஞ்சுக்குள் செய்கிறார் என்று கண்ணீர் மல்க முடித்திருந்தேன். சிவசங்கரி முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, "வண்டி நின்னா அடுத்த வண்டி வரும்" என்று எழுதினாள்.)

கோகுல் விடவில்லை. "ஓடிக்கிட்டு இருக்குதுங்களே மேடம். மாடிப்படி பதினேழையும் ஒரே மூச்சுல ஏறுதுங்க. ஓடற மோட்டாரை யாருனா பிரிப்பாங்களா?"

இந்த இடத்தில் எந்தக் கதையிலும் புருஷன்காரன், 'உங்க குழந்தையா இருந்தா செய்வீங்களா?' என்று கேட்பான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் நடந்தது வேறு. டாக்டர்தான் அவனைக் கேட்டார்.

"நீங்க மோட்டார் வேலையா? ஓடிக்கிட்டு இருக்கற மோட்டாரைப் பாத்து, இது சீக்கிரம் காயில் போயிடும்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"மேல கை வெச்சுப் பாப்பேன். சூடு காட்டிக்குடுத்துடும்."

"அப்பப் பிரிப்பீங்களா, எரியட்டும்னு விடுவீங்களா?"

டாக்டர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் தமிழினியின் இதயம் சுருங்கி விரிந்தது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும், மூடியிருக்க வேண்டிய வால்வு வழியாக வண்ணக் கீற்று ஒன்று பின்பக்கமாகப் பாய்ந்தது.

"இதாங்க சூடு. நீங்களே கை வெச்சுப் பாருங்க."

கோகுல் உண்மையாகவே கையைத் தூக்கித் திரையில் வைத்தான். ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

7

ஆபரேஷன் என்றால் ஒன்றல்ல, இரண்டு. இத்தனை வருடம் நுரையீரலுக்கு மட்டும் அடித்துப் பழகிய வழுவழு அறை சோம்பிக் கிடக்கிறது. திடீரென்று உடம்பு முழுவதற்கும் அடி என்றால் அது திணறிவிடும். அதனால் முதலில் அந்த அறையில் இருந்து கிளம்பும் குழாயில் ஒரு பட்டி கட்டி இறுக்குவார்கள். இறுக்கினால் அறை முக்கி முக்கித் தள்ள வேண்டும். தள்ளத் தள்ளச் சதை ஏறும். பல மாதம் கழித்துத்தான் பெரிய ஆபரேஷன். வயது ஏற ஏற அறை பழகுவது கடினம். என் நாற்பது நாளின் எடை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் ஆபத்தையும் சொன்னார். மறைக்கவில்லை, குறைக்கவில்லை. திரும்பி வராத குழந்தைகளும் உண்டு என்றார். சிவசங்கரி கேட்டுக்கொண்டாள். சென்னையில் திருச்சி பஸ் ஏறி வேப்பூரில் இறங்கி மாறினார்கள். (ஜங்ஷன் இருக்கிற ஊருக்குப் பஸ்ஸில் வந்த பாவத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) வேப்பூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கோகுல் எழுந்து போய்ப் பெண்ணுக்கு ஒரு பன் வாங்கி வந்து கொடுத்தான். அவள் தின்னுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அந்த ஃபாரம் இங்கிலீசுல இருக்குமா, தமிழுல இருக்குமா?"

"எந்த ஃபாரம்?"

"கையெழுத்துப் போடறது."

"ரெண்டுலயும் இருக்கும்னு நெனைக்கிறேன்."

"தமிழ்லயே குடுக்கச் சொல்லு. என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுட்டுத்தான் போடுவேன்."

அவ்வளவுதான் அவன் சம்மதம். இதைவிடச் சிறப்பாக ஒரு சம்மதத்தை நான் கற்பனை செய்து பார்த்தேன், வரவில்லை.

பட்டி கட்டியாயிற்று. தமிழினி வீடு வந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எனக்கு நெஞ்சுக்குள்ள பெல்ட்டு போட்டிருக்காங்க. உனக்கு இருக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றவர்களைப் பாவமாகப் பார்த்தாள். மாதாமாதம் ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அந்த அறையின் சுவரை அளந்து, "ஏறுது, ஏறுது" என்பாராம். கோகுல் ஊருக்கு வந்ததும் என்னிடம் படியேறி வந்து, "ஏறுதாம் பெரியப்பா" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாசலில் காத்திருப்பேன். பத்து மாதம். இந்த உலகத்தில் ஒரு சதைச் சுவருக்கு இத்தனை பேர் சேர்ந்து ஊக்கம் கொடுத்தது வேறெங்கும் நடந்திருக்காது. (இது மிகை என்று நீங்கள் நினைத்தால், எங்கள் தெருவுக்கு வந்து விசாரியுங்கள்.)

8

முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: செய்தி வந்ததும் ஜங்ஷனில் நிற்கும் எல்லா இன்ஜினும் ஒரே சமயத்தில் ஹாரன் அடிக்கின்றன. செராமிக் கம்பெனிகளில் வேலை நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் லட்டு கொடுக்கிறார்கள். சிவசங்கரி எழுதியது: "அவளுக்கு ஹாரன் சத்தம் ஆவாது."

இரண்டாவது முடிவு: எழுத ஒரு வரி போதும். அந்த வரியில் பாதி எழுதினேன். பேனாவை மூடிவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் முருங்கைக்காயை மறுபடி வாங்கக் கடைக்குப் போனேன். அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டவில்லை.

மூன்றாவது முடிவு: இருபத்தைந்து வருடம் கழித்து தமிழினி இதய டாக்டராகிறாள். இதைக் கோகுல் படித்தான். "அவ என்னமோ ரயிலு ஓட்டறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கறா. நீங்க ஏன் பெரியப்பா டாக்டராக்கிவுடறீங்க?"

பெரிய ஆபரேஷனுக்காகச் சென்னைக்குக் கிளம்பும் முன் சிவசங்கரி என் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எதை வேணா பெருசாக்கிக்குங்க பெரியப்பா. டாக்டரம்மாவ பெருசாக்குங்க. என் ஊட்டுக்காரர பெருசாக்குங்க, அவரு சந்தோசப்படுவாரு. கடைசிய மட்டும் தொடாதீங்க. அது எங்க கையில இல்ல. உங்க கையிலயும் வேணாம்."

9

இன்று வியாழக்கிழமை. மாசி மாதம். காலை ஏழே முக்காலுக்குத் தமிழினியை உள்ளே கொண்டுபோனார்கள். சிவசங்கரி எனக்கு ஃபோனில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவை இங்கே அப்படியே:

"மயக்கம் குடுத்துட்டாங்க. அழுவல."

"மிஷின்ல போட்டாச்சாம். இதயத்த நிறுத்திட்டாங்களாம்."

"மேல் மாத்து முடிஞ்சிச்சாம். என் ஊட்டுக்காரரு வெளிய போயி நின்னுட்டாரு."

"கீழ் மாத்து நடக்குது."

பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு:

"தைச்சு முடிச்சிட்டாங்களாம். இப்ப கிளாம்ப எடுக்கப்போறாங்க."

அது இரண்டு பத்துக்கு வந்தது. இப்போது மணி இரண்டு இருபது.

நேற்று மாலை டாக்டர் அவளிடம் சொன்னதை அவள் எனக்கு ஃபோனில் சொன்னாள். பெரிய குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் மணிக்கணக்கில் நின்று கிடந்த இதயத்துக்குள் ரத்தம் போகும். வேண்டியிருந்தால் லேசாக ஒரு மின்னதிர்வு கொடுக்கலாம், வயர் வைத்து ஓட்டலாம், எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் முதலில் காத்திருப்பார்கள். அத்தனை வெட்டி, அத்தனை தைத்த அந்த விரல்கள் எதையும் தொடாமல் விலகி நிற்கும். இதயத்துக்குப் பதிலாக ரத்தம் ஓட்டும் மெஷினைப் பார்க்கிறவர், மயக்கம் கொடுத்தவர், நர்ஸுகள், எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அந்த நேரத்துல நாங்க யாருமே டாக்டர் இல்லம்மா. அதுவா ஆரம்பிக்கணும்" என்றாராம்.

நான் பெரிதும் வியப்பது அந்த விலகி நிற்பதைத்தான். தைப்பதைக் கற்றுக்கொள்ளலாம் போலிருக்கிறது. கையை எடுப்பதை எங்கே கற்றார்களோ.

எனக்கு இது வராத வித்தை. வண்டி கடந்து போனபிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இப்போதும் பேனா நுனியில் முடிவு வந்து நிற்கிறது, நல்ல முடிவுதான், ஜோடிக்கக் காத்திருக்கிறது. எழுதினால் நடந்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை. எழுதமாட்டேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நான் இரண்டு இருபதில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நாளோ மாதமோ கடந்திருக்கும். எனக்குத் தெரியாதது அப்போது எங்கள் தெருவுக்கே தெரிந்திருக்கும். அதனால் கடைசி வரியை உங்களிடம் கொடுக்கிறேன். ஜங்ஷனில் இறங்குங்கள். ஆட்டோக்காரரிடம் செராமிக் கம்பெனி பின்தெரு, மோட்டார் காயில் கட்டுகிற கோகுல் வீடு என்று சொல்லுங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். அம்மாவிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டாம். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் அந்தப் பதினேழு மாடிப்படி தெரியும். அடிப்படியில் சும்மா ஒரு நிமிடம் நின்று, மேலே நிமிர்ந்து பாருங்கள். அங்கே